தெரியாதம்மா கடை

“…எல்லாரும் சொல்லுதாங்கன்னு நானும் சொல்லிர முடியுமா அண்ணாச்சி? எனக்குத் தெரியாது. நாளைக்குச் சாயந்திரம் வாங்க, கேட்டு வைக்கேன்.”

என் கைபேசியை என் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு, அந்த உரக்கடை அம்மா அடுத்த ஆளுக்குப் பொட்டாஷ் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.  கைபேசியில் இருந்தது எங்கள் விவசாயிகள் வாட்ஸப் குழுவில் வந்த ஒரு செய்தி. வாழை தார் போட்டதும் பூவை ஒடித்துவிட்டு, அந்தக் காம்பு நுனியில் பசுஞ்சாணியையும் யூரியாவையும் கரைத்துப் பையில் கட்டித் தொங்கவிட்டால் காய் தடியாகப் பருக்கும் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். ஏத்தன் வாழைக்கு, அதாவது நேந்திரனுக்கு, அது சரிவருமா என்று கேட்கத்தான் போனேன்.

உரக்கடையில் ‘தெரியாது’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். எங்கள் பக்கத்து உரக்கடைக்காரர்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. வாடிய இலையைக் கிள்ளிக்கொண்டு போய் மேசையில் போட்டால் போதும், கண்ணாடியைக்கூட மாட்டாமல் கை அலமாரிக்குப் போய்விடும். இரண்டு டப்பா, ஒரு பொட்டலம். “மூணையும் கலந்து அடியும் வே, பறந்துரும்.” எது பறக்கும் என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது ஒரு பதில். கையில் ஒரு டப்பாவோடு வீட்டுக்குப் போனால் பயிருக்கு ஏதோ செய்துவிட்ட நிம்மதி. அந்த நிம்மதியை இந்த அம்மா தரமாட்டேன் என்றார்.

மறுநாள் சாயந்திரம் வீம்புக்காகத்தான் போனேன். பார்த்ததும் சொன்னார்: “தென்திருப்பேரைப் பக்கம் ஒருத்தரு கோழிக்கூடு ரக வாழையில கட்டிப் பாத்திருக்காரு. காய் நல்லாத்தான் வந்திருக்கு. ஏத்தன்ல செஞ்ச ஆள் ஒருத்தரும் இதுவரைக்கும் கெடைக்கல. நீங்க அஞ்சே அஞ்சு வாழையில கட்டுங்க. பக்கத்துலயே அஞ்சைக் கட்டாம விடுங்க. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.”

யோசனை கேட்க வந்தவனை வாத்தியாராக்கி அனுப்பிவிட்டார் என்று வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கடை ஆழ்வார்திருநகரி போகும் சாலையில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. மாமனார் நடத்தியது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. மகனுக்கு லாரி ஓட்டுவதைத் தவிர வேறு எதிலும் மனசு நிற்காது. அதனால் மருமகள் வந்து அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார். பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால், ‘என்னப் பத்தி எழுதுததுக்கு என்ன இருக்குன்னு எழுதுதிய’ என்று எங்கிருந்தாவது ஃபோன் போட்டுக் கேட்கக்கூடியவர்.

பிறந்து வளர்ந்தது மாஞ்சோலையில். அப்பா, அம்மா இருவருக்குமே தேயிலைத் தோட்டத்தில் வேலை. மலையை விட்டு இறங்கி வந்தபோது அவருக்குத் தெரிந்த பயிர் தேயிலை ஒன்றுதான். அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். “கல்யாணத்தன்னைக்குத்தான் அண்ணாச்சி வாழையை நின்னு நிதானமா பாத்தேன். மண்டப வாசல்ல கட்டியிருந்தாங்க. மாப்பிள்ளையைப் பாக்க வெக்கமா இருந்துச்சு, அதனால வாழையைப் பாத்தேன்.”

உரக்கடை நடத்துகிறவர்களுக்கென்று அரசாங்கம் வைத்த வகுப்புக்கு வாரம் ஒரு நாள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். ஒரு வருஷம் விடாமல் போனார். படித்து முடித்தால் இந்தத் ‘தெரியாது’ குறைந்துவிடும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அது கூடிவிட்டது. கேட்டதற்கு, “முன்னால எனக்கு எவ்வளவு தெரியாதுன்னே எனக்குத் தெரியாது. இப்பம் அது தெரிஞ்சு போச்சு” என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து டீக்கடையில் ‘தெரியாதம்மா கடை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். “பொம்பளைய உக்கார வச்சா இப்பிடித்தான் வே” என்று சிலர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். முதல் ஆறு மாதம் கடையில் ஈ ஆடியது. அவர் அதற்கெல்லாம் அசைந்த மாதிரித் தெரியவில்லை. பேரைக் கேள்விப்பட்டதும் ஒரு பழைய கதவுப் பலகைக்குக் கருப்புப் பெயிண்ட் அடித்து, கடை வாசலில் சாத்தி வைத்து, மேலே சாக்கட்டியால் பெரிதாக எழுதினார்: ‘இந்தக் கடையில் தெரியாதவை’.

அதன் கீழே கேள்விகள். ‘வடகால் வாய்க்கால் மூணாவது மடை. நெல்லு நுனி செவக்கு. தண்ணி குறைவு இல்லை. யாருக்காவது இப்படி வந்திருக்கா?’ ‘கத்தரிப் பூ கொட்டுது. காலையில் இல்லை, மத்தியானத்துக்கு மேல் கொட்டுது.’ கேட்டவர் எந்த ஊர், எந்த மடை என்பதும் இருக்கும்.

பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு வேறு வேலை என்ன? வாசித்தான். வாசித்தவன் சும்மா போவானா? எங்கள் ஊர்க்காரர்களிடம் நேராகப் போய் ஒரு யோசனை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பக்கத்தில் இருவர் தப்பாகப் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் தாங்கமாட்டார்கள், பஸ்ஸை விட்டாவது திருத்திவிட்டுத்தான் போவார்கள். அந்தக் குணத்தை அந்த அம்மா எப்படியோ பிடித்துவிட்டார்.

ஆனால் யார் என்ன சொன்னாலும் சாக்கட்டியை எடுக்குமுன் ஒன்று கேட்பார். “கண்டதா, கேட்டதா?”

“என்ன கேக்குதிய?”

“உங்க வயல்ல நீங்க கண்டதா, யாரும் சொல்லிக் கேட்டதா அண்ணாச்சி?”

கண்டதென்றால் பலகையின் இடது பக்கம், கேட்டதென்றால் வலது பக்கம். முதலில் எல்லாருமே ‘கண்டது’ என்றுதான் சொன்னார்கள். “அப்பம் நாளைக்கு வாரேன், அந்த வயலைக் காட்டுங்க” என்று வண்டிச் சாவியைக் கையில் எடுத்ததும், “ஏ, நமக்கு மச்சான் சொன்னதும்மா” என்று வலது பக்கத்துக்கு நகர்ந்தார்கள். ஒரு மாதத்தில் வலது பக்கம் நிரம்பி வழிந்தது. இடது பக்கம் நாலே வரி. அந்த நாலு வரியைத்தான் ஜனங்கள் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து பைக்கில் வரும் தம்பி ஒருவர் உண்டு. எங்கள் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போடுவார். நல்ல பிள்ளை, விஷயம் தெரிந்தவர். திரையில் படம் ஓடும், காரச்சேவும் காப்பியும் வரும், “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்பார். ஐம்பது பேரும் சந்தேகமே இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருப்போம். கூட்டம் முடிந்து அவர் பைக் திரும்பியதுதான் தாமதம், டீக்கடையில் ஐம்பது சந்தேகமும் கிளம்பும். அந்தத் தம்பி பலகையைப் பார்த்த நாளிலிருந்து கூட்டத்துக்கு முன்னால் கடை வாசலில் வந்து நின்று குறித்துக்கொண்டு போக ஆரம்பித்தார். அதற்கப்புறம் நாங்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் கூட்டத்தில் பதில் வந்தது. சில நாள் அவரும் சாக்கட்டியை வாங்கி, ‘எனக்கும் தெரியலை, ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்க்க ஊரே வந்தது.

கம்பெனி ஆட்கள் வருவார்கள், சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு. ஒருவர் பளபளவென்று ஒரு பாட்டிலை மேசையில் வைத்தார்.

“மேடம், எல்லாப் பயிருக்கும் போடலாம். எல்லா மண்ணுக்கும் சூட் ஆகும்.”

“எங்கன போட்டுப் பாத்திய?”

“எல்லா மாவட்டத்துலயும் மேடம்.”

“எல்லா மாவட்டத்துலயும் சரி. ஒரு வயலைச் சொல்லுங்க. பஸ் போவுத ஊரா சொல்லுங்க.”

அவர் சிரித்தார், பையைத் திறந்தார், மூடினார். பாட்டில் வந்த வழியே போனது. அந்த அம்மா எங்களைப் பார்த்து, “டப்பா மேல இருக்க வாழை எந்த ஊருலதான் காய்க்குன்னு எனக்கும் பாக்க ஆசைதான்” என்றார்.

ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னால்தான் ஏறும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தென்கால் பக்கம் ஒரு பெரியவர், எழுத்து வாசிப்பு கிடையாது, பட்டன் ஃபோன்தான். கடையில் வைத்து எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வேறொன்றைச் செய்வார். அவரிடம் மட்டும் இந்த அம்மா கடையில் எதுவும் சொல்லமாட்டார். காலை ஆறரைக்கு, அவர் வயலில் நிற்கும் நேரம் பார்த்து ஃபோன் போடுவார். “இப்பம் நீங்க நிக்க எடத்துல, காலுக்குப் பக்கத்துல இருக்க தூரைப் பிடிச்சு விரிச்சுப் பாருங்க. அடியில என்ன இருக்கு?” அந்தக் காட்சியை நான் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒரு கையில் ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நெல்லைப் பிரித்து, “ஆமாம்மா, பூச்சி இருக்கு, ஆமாம்மா” என்று குனிந்த வாக்கில் அந்த அம்மாவுக்கு ஆஜர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சொல்கிறேனே, அவரும் மனுஷிதான். வெடுக்கென்று கோபம் வரும். மருந்து வாங்கிய கையோடு டீக்கடை வடையைத் தின்றால் தட்டிவிடுவார். கடையின் நாற்றம் சேலையில் ஏறிவிட்டது என்று வெளியே ஒரு வாளித் தண்ணீர் வைத்து, நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுவார். கழுவின கையில் மறுபடி சாக்கட்டித் தூள்.

கடையில் ஒரு பேட்டரித் தெளிப்பான் இருந்தது. எங்கள் வாயில் அது ‘டேங்கு’. முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிப்பது. சொந்தமாக டேங்கு இல்லாதவர்களுக்கு வாடகை வாங்காமல் கொடுப்பார். காலையில் எடுத்துப் போனால் சாயந்திரம் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுத்தார். ஊர் அவர் பக்கம் திரும்பியதற்குப் பலகை பாதிக் காரணம் என்றால், இந்த டேங்கு மீதிக் காரணம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் அரை ஏக்கரைப் பாட்டத்துக்குப் பிடித்து ஆவணியில் நானூறு ஏத்தன் வைத்திருந்தேன். அடுத்த ஓணத்துக்கு மலையாளத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. மார்கழி பிறந்து, மழை ஓய்ந்த கையோடு இலையில் புள்ளி விழுந்தது. அதற்கு மருந்து வாங்கி, கடை டேங்கையும் வாங்கிக்கொண்டு போய் ஒரே நாளில் அடித்து முடித்தேன். எட்டு, பத்து நாள் கழித்துப் பார்த்தால் கிழக்கு மூலையில் குருத்தெல்லாம் விரியாமல் சுருண்டு நிற்கிறது. விரிந்த இலையும் குறுகி, வெளுத்து, ஓரம் மடங்கி. 

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் இருபது பதில். ஒருவர் சத்துக் குறைவு என்றார், ஒருவர் வேர்ப்புழு என்றார். பிறகு யாரோ ‘முடிக்கொத்து நோய்’ என்றார். அது வைரஸ், மருந்து கிடையாது, வாழையைத் தூரோடு பிடுங்கி அழிக்க வேண்டும். அந்தச் சொல் விழுந்ததும் மற்ற எல்லாச் சொல்லும் அடங்கிவிட்டது. சாயந்திரத்துக்குள், பாதித்த வாழை மட்டும் போதாது, தோட்டத்தையே எடுத்தால்தான் ஊர் பிழைக்கும் என்று ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்தது. யார் குரல் என்று இன்றுவரை தெரியாது. நல்ல கணீர்க் குரல்.

தெற்கே என்னை ஒட்டின தோட்டம் சுடலைமுத்து அண்ணனுடையது. அவருக்கும் வாழைதான், எழுநூறு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நெல்லும் உண்டு. குழுவை நடத்துவதும் அவரே. வீட்டுக்கு வந்து வாசலில் நின்றே சொன்னார்.

“ஏலே, ஒன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா காத்து தெக்க பாத்துதான் அடிக்கு. காலையில ரெண்டு ஆளக் கூட்டிட்டு வாரேன். நானே கூட நின்னு பிடுங்கித் தாரேன்.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் வீட்டுக்காரி உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் கடைக்கு ஓடினேன். அடைக்கிற நேரம். படத்தைப் பார்த்தார், கொண்டுபோன இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தெரியாது அண்ணாச்சி.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “காலையில மண்வெட்டியோட வாராங்கம்மா! ஆமான்னு சொல்லுங்க, இல்ல இல்லன்னு சொல்லுங்க. ஊரே ஒண்ணு சொல்லுது, நீங்க ஒருத்தரு மட்டும் தெரியாது தெரியாதுன்னா நான் எங்க போவேன்?” என்று கத்திவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. “படத்துல எனக்குத் தெரியல. நான் வந்து பாக்குத வரைக்கும் ஒரு வாழையத் தொட விடாதிய. விடிஞ்சதும் அங்கன நிப்பேன்” என்றார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசில்லை. அந்த வாழை பிழைத்தது. கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் தார் சிறுத்துப் போயிற்று. மற்றதெல்லாம் ஓணத்துக்கு மலையாளம் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாவும் இப்போது இங்கே இல்லை. கணவர் தென்காசிப் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன லாரி எடுத்ததில் குடும்பமே அங்கே போய்ப் பல வருஷமாகிவிட்டது. பலகை எங்கே போனதோ தெரியாது. ஆனால் எங்கள் குழுவில் இன்றைக்கும் யாராவது ஒரு மருந்தையோ விதையையோ பற்றிப் போட்டால், கீழே முதல் ஆளாகச் சுடலைமுத்து அண்ணன் கேட்பார், ‘கண்டதா, கேட்டதா வே?’ என்று. பதிலாக ஒரு தோட்டத்தின் பேர் வரும். ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பைக்குகள் அந்தத் தோட்டத்தைப் பார்க்கப் போகும். இளவட்டங்கள்கூட இப்போது காய்த்த தாரை மட்டும் படம் போடுவதில்லை, பட்டுப்போனதையும் போடுகிறார்கள், என்ன செய்து பட்டுப்போனது என்பதோடு. அது வெட்கப்பட வேண்டிய காரியமில்லை என்று எங்களுக்குக் காட்டியது அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

அன்றைக்கு விடிந்து, வெயில் இன்னும் ஏறாத நேரம். சுடலைமுத்து அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் தயார். அந்த அம்மா அவர்களுக்கு முன்னாலேயே வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தார். கிழக்கு மூலையில் ஆரம்பித்து முதல் வரிசை முழுக்கப் போனார். திரும்பி இரண்டாவது வரிசை. பிறகு மூன்றாவது. நாலாவதில் பாதியில் நின்று, மறுபடி முதலுக்கு வந்தார்.

“மருந்தடிச்சது நீங்கதானே? எங்கன தொடங்குனிய?”

“இந்த மூலையிலதான்.”

“ஒரு டேங்கு எதுவரைக்கும் வந்துச்சு?”

“வரிசைக்கு ஒரு டேங்கு. பதினாறு வரிசை, பதினாறு டேங்கு.”

அவர் குருத்துகளைக் காட்டினார். முதல் வரிசையில் ஒரு குருத்து விடாமல் சுருண்டிருந்தது. இரண்டாவதில் பாதிக்குப் பாதி. மூன்றாவதில் உற்றுப் பார்த்தால்தான் ஒரு மடிப்பு தெரிந்தது. நாலாவது வரிசையில் இலை பளிச்சென்று விரிந்து நின்றது.

“நோய்னா இப்பிடி வரிசை பிடிச்சு, டேங்கை எண்ணிக்கிட்டா வரும்?” என்று தனக்குத்தானே சொன்னவர், சட்டென்று நின்றுவிட்டார். முகம் மாறியது. வரப்பில் போய் உட்கார்ந்தார்.  பிறகு சுடலைமுத்து அண்ணனைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இவருக்கு முந்தின நாள் டேங்கு வாங்கிட்டுப் போனது நீங்கதானே? என்ன அடிச்சிய?”

“நெல்லுக்குக் களைமருந்து. ஏன்?”

“கழுவுனியளா?”

“கழுவாமலா? கால்வாயில ஒரு முக்கு முக்கித்தானே கொண்டாந்து வச்சேன்.” சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. குரல் ஏறியது. “அப்பம் நான்தான் இவன் வாழையைக் கெடுத்தேன்னு சொல்லுதியளா?”

கடப்பாரைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் அண்ணனுக்கும் அந்த இடத்தில் சண்டை மூண்டிருக்கும். மூண்டால் இரண்டு தலைமுறைக்குப் போகும், எங்கள் ஊர் அப்படி. அந்த அம்மா வாயைத் திறக்காமல் எழுந்து போயிருந்தாலும் யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை.

“உங்கள ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. தப்பு என்னுது. உள்ள களைமருந்து ஒட்டிக் கெடந்த டேங்கை ஒரு வார்த்தை கேக்காம அப்பிடியே எடுத்து இவர் கையில கொடுத்தது நான்தான்.”

“அது எப்பிடிம்மா? ஒங்களுக்கு என்ன தெரியும், நான் என்ன அடிச்சேன்னு?”

“தெரியும்” என்றார்.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை. 

“களைமருந்து வித்ததே நான்தானே. அதுமட்டுமில்ல. மாஞ்சோலையில எங்கப்பாவுக்கு மருந்தடிக்கத வேலை. களைமருந்து டேங்குக்குச் செவப்புப் பெயிண்ட் அடிச்சுத் தனியா வச்சிருப்பாங்க. அதுல வேற எதையும் ஊத்தவிட மாட்டாங்க. அஞ்சு வயசுப் பிள்ளையா இருக்கும்போதே எனக்கு அது தெரியும். இந்த ஊருல எனக்குன்னு தெரிஞ்சது அது ஒண்ணுதான் அண்ணாச்சி. அதைப் போயி மறந்துட்டேன்.”

 சொல்லிவிட்டு எழுந்து என்னிடம் வந்தார். “அடுத்து வார குருத்தைப் பாருங்க. நோய்னா இதவிட மோசமா வரும். மருந்துன்னா பைய பைய தெளிஞ்சு வரும். தண்ணி மட்டும் பாய்ச்சுங்க, வேற ஒண்ணும் அடிக்காண்டாம், நான் தந்தாலும் அடிக்காண்டாம். பத்து நாள் பொறுத்துப் பாப்போம். மோசமா வந்தா, பிடுங்குத அன்னைக்கு நானும் வந்து நிக்கேன்.”

சுடலைமுத்து அண்ணன் நாலாவது வரிசைக்குப் போய் ஒரு குருத்தைத் தடவிப் பார்த்தார். தரையைப் பார்த்தபடி, “சரி, பத்து நாள்” என்றார். கடப்பாரைக்காரர்களிடம், “போய் டீயக் குடிங்கலே” என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து வாய்க்கால் மடையைத் திறப்பது போலப் பாவனை செய்தேன்.

அந்த அம்மா மட்டும் கிளம்பவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். “அதுக்கும் முந்தின வாரம்… ஒருத்தரு களைமருந்து அடிச்சுக் கொண்டாந்த மறுநாளு… டேங்கை யாரு கொண்டு போனா?” பிறகு மெல்லச் சொன்னார். “பேச்சியக்கா.”

பேச்சியம்மாள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பத்து சென்ட் வெண்டை போட்டிருந்தவள். தனி ஆள், அந்தத் துண்டு நிலம்தான் அவளுக்குச் சோறு. போன வாரம் அவள் வெண்டை முழுதும் இலை சுருண்டு போய்விட்டது. மண்ணே கெட்டுப்போய்விட்டது, இனி இதில் ஒன்றும் முளைக்காது என்று சொல்லி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள். நிலத்தையே உடையவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, செங்கல் சூளை வேலைக்குப் போகப் போவதாகவும் பேச்சு. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், அந்த வெறும் பாத்தியின் ஓரத்தில் அவள் தட்டு, மண்வெட்டியை எல்லாம் ஒன்றாகக் கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

சுடலைமுத்து அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார். “விடுங்கம்மா. அவளுக்குத் தெரியாது. மண்ணு கெட்டுப்போச்சுன்னு அவளே நெனச்சுக்கிட்டா. இப்பம் போயி நீங்களா சொன்னா, ஒங்க கடைக்கு ஒரு ஈ, காக்கா வராது, கேட்டியளா?”

“அந்த மண்ணுல ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. அதை யாரு அவகிட்டச் சொல்லுவா?”

வண்டி ரோட்டில் நின்றது. ரோடு வழியாகப் போனால் சுற்று. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் அளவுக் கால்வாயில் இறங்கி அக்கரை ஏறி, சேறாகக் கிடந்த வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்தார். பாதி வரப்புக்கூடப் போகவில்லை, அங்கிருந்தே செருப்புக் கையை உயரத் தூக்கி, “பேச்சியக்கா, ஏ பேச்சியக்கா, கட்டாதிய, நில்லுங்க” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.